பிஸ்கட் டின்னில் முப்பத்தெட்டுத் திருகுகள்

பக்கிரிசாமியை நல்லவர் என்று சொல்லாத ஆள், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் கிடையாது. அவருக்கு அதுதான் பெரிய தொல்லை. கெட்ட பெயர் எடுத்தவன் ஒரு தப்புச் செய்தால் ஊர் நாலு வார்த்தை ஏசிவிட்டு மறந்துபோகும். நல்ல பெயர் எடுத்தவன் செய்த தப்பை யாரும் கண்டுபிடித்துக்கூடத் தருவதில்லை. அவனே மடியில் கட்டிக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

தேயிலை மில்லில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கொழுந்தை வாட்டும் விசிறி நின்றாலும், அரைக்கிற மெஷின் முனகினாலும் பக்கிரிசாமியைத்தான் கூப்பிடுவார்கள். ரேடியோ வேலை அவராகக் கற்றுக்கொண்டது. அவரும் இராமையாவும் சேர்ந்து கற்றுக்கொண்டது என்று சொன்னால்தான் சரி. பக்கத்து ஊரான திரிங்காப்பில் ஒரு சீனத் தோட்டக்காரன் தூக்கிப்போட்ட செத்த ரேடியோவை இரண்டு பேரும் சுமந்து வந்து, எட்டு மாதம் அதைப் பிரித்தும் பூட்டியும் பார்த்து, ஒருநாள் அதைப் பேச வைத்தார்கள். அன்றைக்கு இராமையா மில்லுக்குள்ளேயே ஒரு ஆட்டம் போட்டான்.

இராமையா அக்கரையில், தஞ்சைப் பக்கம் பிறந்தவன். அவனிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தருகிற சிவப்பு அடையாளக் கார்டு. எழுபதாம் ஆண்டு, வேலை பெர்மிட் இல்லாதவர்களுக்குத் தோட்டத்தில் பெயரில்லை என்று ஆனபோது, அவனும் கப்பல் ஏற வேண்டியதாயிற்று. போகும்போது தன்னுடைய திருப்புளியைப் பக்கிரிசாமியிடம் கொடுத்தான். மரப்பிடி போட்ட சின்னத் திருப்புளி. "ஒனக்குத்தான் இது ஒதவும். அங்க போயி நான் மாடுதான் ஓட்டப்போறேன்" என்றான். அவன் தங்கை பவளம் இங்கே பிறந்தவள், நீலக் கார்டு, அதனால் அவள் இருந்துவிட்டாள். புருஷன் செத்துப்போனவள், பிள்ளையும் இல்லை. ஒட்டுறவு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அந்த அண்ணன் ஒருவன்தான் இருந்தான்.

லயன் வீடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வரிசைக்குப் பதினாறு கதவு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேலே எல்லா வீட்டுக்கும் ஒரே தகரக்கூரை, ஒரே காற்று. முதல் வீட்டில் மிளகாய் வறுத்தால் பதினாறாவது வீட்டில் தும்முவார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைக்குப் பஞ்சாயத்து வைக்க வேண்டிய அவசியமே இருக்காது, தீர்ப்பு அடுத்த வீட்டிலிருந்தே வந்துவிடும்.

அப்படிப்பட்ட லயனுக்கு எழுபத்து மூன்றாம் ஆண்டுத் தீபாவளிக்கு ரேடியோ வந்தது. தோட்டத்துக் கூட்டுறவுக் கடை மூலமாக, ஒரே மாதிரியான முப்பத்தெட்டுப் பெட்டிகள். முதல் வாரம் திருவிழாதான். இரண்டாவது வாரம் கலவரம். ஒரு வீட்டில் கோலாலம்பூர், அடுத்த வீட்டில் சிங்கப்பூர், அதற்கடுத்த வீட்டில் மலாய் நாடகம், நாலாவது வீட்டில் நிலையமே கிடைக்காமல் வெறும் இரைச்சல். எல்லாம் கூரைக்கடியில் ஒன்றாய்க் கலந்து மழைபோல் இறங்கியது. மணியம்மா சாமிப் பாட்டுக் கேட்டுக்கொண்டே விளக்கேற்றும்போது, பக்கத்து வீட்டு வீரப்பன் சினிமாக் காதல் பாட்டை உச்சத்தில் வைப்பான். அவள் பலகைச் சுவரைத் தட்டுவாள். அவன் இன்னும் கொஞ்சம் கூட்டுவான்.

இது போதாதென்று மலையில் நிலையம் ஓரிடத்தில் நிற்காது. கை பட்டால் ஓடிப்போகும். பக்கிரிசாமி சோற்றில் கை வைத்த நேரம் பார்த்துத்தான் யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். "அண்ணே, பாட்டு ஓடிப்போச்சுண்ணே. கொஞ்சம் வந்து புடிச்சுக் குடுங்கண்ணே." பிடித்துக் கொடுத்துவிட்டு வருவார். மறுநாள் மறுபடியும் ஓடிப்போகும்.

தோட்டத்து ஆபீஸ் கணக்கையெல்லாம் பார்க்கிற பெரிய கிராணி தங்கராஜுவின் வீடு லயனுக்கு மேலே மேட்டில் இருந்தது. மத்தியானத் தூக்கம் போய்விட்ட கோபத்தில் அவர் பக்கிரிசாமியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"எல்லாப் பெட்டியிலயும் ஒரே ஸ்டேஷன வச்சி நிறுத்திடு பக்கிரி. கோலாலம்பூரே இருக்கட்டும். ஆளுக்கொரு பக்கம் திருக வேணாம். அப்பத்தான் அமைதி இருக்கும்லா."

பக்கிரிசாமிக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. நிஜத்தைச் சொன்னால், சந்தோஷமாகவே இருந்தது. இனிமேல் சோறு ஆறாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் முப்பத்தெட்டுப் பெட்டிகளையும் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். பக்கிரிசாமி குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கோலாலம்பூர் நிலையத்தைப் பிடித்தார். பிடித்ததும் இராமையா கொடுத்த திருப்புளியால் நிலையம் மாற்றும் திருகைக் கழற்றி, அந்த ஓட்டையில் அரக்கை உருக்கி ஊற்றினார். சிற்றலைக்கு மாற்றுகிற பொத்தானுக்கும் ஒரு சொட்டு. சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகு ஒன்று மட்டும் மிச்சம். கழற்றிய திருகுகளை ஒரு காலி பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார். அவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தும். பெயர் எழுதி வைக்க வேண்டிய தேவைகூட அவருக்கு வரவில்லை.

உனக்கு எது கேட்கப் பிடிக்கும் என்று ஒரு ஆளை, ஒரே ஒரு ஆளைக்கூட அன்றைக்கு அவர் கேட்கவில்லை. பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனவர்கள் அவருக்கு நன்றிதான் சொன்னார்கள். மணியம்மா உளுந்து வடை கொண்டுவந்து கொடுத்தாள்.

அதற்குப் பிறகு லயனே மாறிப்போயிற்று. முதல் கதவிலிருந்து பதினாறாவது கதவு வரைக்கும் தண்ணீர்க் குடத்தோடு நடந்து போனால், பாட்டில் ஒரு வரிகூட விட்டுப்போகாது. வந்து பார்த்த தோட்டத்து மேனேஜர் துரைகூடச் சிரித்தார். ஒரே ஒரு தடவை வீரப்பன் ஒரு குறடு கொண்டு அரக்கைப் பெயர்த்துத் திருகிப் பார்த்தான். உள்ளே முள்ளை இழுக்கிற நூல் அறுந்து, பெட்டி ஊமையாகிவிட்டது. பக்கிரிசாமி அதைச் சரிசெய்து மறுபடியும் அரக்கு வைத்துக் கொடுத்தார். "பாத்தியா? இதுக்குத்தான் சொன்னேன்" என்றும் சொன்னார். அதன் பிறகு யாரும் கை வைக்கவில்லை. இரண்டு வருஷத்தில், ரேடியோ என்றால் கோலாலம்பூர், கோலாலம்பூர் என்றால் ரேடியோ என்று ஆகிவிட்டது. வேறு நிலையம் இருக்கிறது என்பதே பலருக்கு மறந்துபோயிற்று.

முப்பத்தொன்பதாவதாக ஒரு பெட்டி இருந்தது. அது பக்கிரிசாமி வீட்டில். அதில் எல்லாத் திருகும் இருந்தன. ரிப்பேர் பார்க்கிறவன் எல்லா நிலையமும் பிடித்துப் பார்த்தால்தானே பழுது தெரியும் என்று மனைவி வடிவம்மாளிடம் சொன்னார். அவள் ஏன் என்று கேட்கவே இல்லை. அவராகத்தான் சொன்னார்.

எழுபத்தாறாம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை. பவளம் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு மில் வாசலுக்கு வந்தாள். தலையில் கட்டிய துணிகூட அவிழ்க்கவில்லை. கையில் நீலக் கடுதாசி.

"அண்ணே, எங்க அண்ணன் எழுதியிருக்கு. அங்கேருந்து கடல் தாண்டி இருக்கிற சனங்களுக்குன்னு சிற்றலையில ஒரு நிகழ்ச்சி வருதாமே, ஞாயித்துக்கிழம சாயங்காலம். பேரு சொல்லிப் பாட்டுப் போடுவாங்களாம். என் பேரச் சொல்லச் சொல்லிக் கடுதாசி போட்டிருக்காம். என்னிக்குச் சொல்லுவாங்கன்னு தெரியாதாம், வாரா வாரம் கேளுன்னு எழுதியிருக்கு."

"ம்."

"எம் பொட்டியில அது வருமாண்ணே? நீங்க கொஞ்சம் அந்தத் திருக மாட்டிக் குடுத்தீங்கன்னா..."

பக்கிரிசாமிக்குத் தெரியும், வரும். அந்த நிகழ்ச்சியை அவரே எத்தனையோ ஞாயிறு கேட்டிருக்கிறார். சாயங்காலம் பனி இறங்கிய பிறகு அது பக்கத்து வீட்டுப் பேச்சுப்போல் தெளிவாக விழும். ஒரு திருகு, ஐந்து நிமிஷ வேலை. ஆனால் பவளத்துக்கு மாட்டிக் கொடுத்தால் கூரைக்கடியில் இன்னொரு நிலையம் கேட்கும். கேட்டதும் முப்பத்தேழு கை நீளும். கிராணி கூப்பிட்டு விடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி வரும், இத்தனை நாள் எங்களுக்கு ஏன் இல்லை என்று. இவ்வளவையும் அவர் நினைத்து முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"அது இந்த மலைக்கு எடுக்காது, பவளம்."

அவள் முகம் சுருங்கியது. சண்டை போடவில்லை. பக்கிரி அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். "அப்படியாண்ணே" என்று கடுதாசியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். சண்டை போட்டிருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ தடவை அவர் நினைத்துக்கொண்டார். போட்டிருந்தால் கொடுத்திருப்பார். அவ்வளவு கெட்டவர் இல்லை அவர்.

ஒன்றரை மாதம் கழித்து மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை கடுதாசியை அவர் கையிலேயே கொடுத்தாள். இராமையாவின் கையெழுத்து, கோழி கிளறியதுபோல். 'கடலைத் தாண்டி வருவது மலையைத் தாண்டாதா? நம்ம பக்கிரியிடம் சொல். அவன் கெட்டிக்காரன். என் தங்கச்சிக்கு என்றால் மாட்டேன் என்று சொல்ல மாட்டான்.'

பக்கிரிசாமி அந்த வரியை இரண்டு தடவை படித்தார். மில்லுக்குள் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில், பொய்யைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய்தான் வந்து நின்றது.

"கடல் தட்டையாக் கெடக்குது பவளம், ஒண்ணும் மறைக்காது. மலை அப்படியில்ல. சுவரு மாதிரி மறைக்குதுலா. ஒங்க அண்ணனுக்கு அது தெரியாது."

இராமையாவுக்குத் தெரியாதாம். எட்டு மாதம் அவரோடு உட்கார்ந்து ரேடியோவைப் பிரித்துப் பூட்டிய இராமையாவுக்கு.

அதற்கு மூன்றாவது ஞாயிறு. சாயங்காலம் ஐந்தரை இருக்கும். பனி மேட்டிலிருந்து இறங்கி லயன் வாசலை மூடிக்கொண்டிருந்தது. வடிவம்மாள் அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கு வேக வைத்துக்கொண்டிருந்தாள். பக்கிரிசாமி தன் பெட்டியில் சிற்றலையைத் திருகி, சத்தத்தை வழக்கம்போல் காதுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு வைத்தார். ஏன் அந்த நிகழ்ச்சியைப் பிடித்தார் என்று கேட்டால் அவராலேயே சொல்ல முடியாது. பல் வலிக்கிற இடத்துக்கு நாக்குத் தானாகப் போகிறது அல்லவா, அப்படி.

அறிவிப்பாளர் பெண் குரல், அழகான தமிழ். பர்மா, பினாங்கு, மொரீஷியஸ் என்று பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தது. பிறகு சொன்னது: "அடுத்து, மலேசியா, கேமரன் மலை, மேல் டிவிஷன், மூன்றாம் லயனில் வசிக்கும் அன்புத் தங்கை பவளத்துக்காக, தஞ்சை மாவட்டத்திலிருந்து அண்ணன் இராமையா விரும்பிக் கேட்டிருக்கும் பாடல்..."

பக்கிரிசாமியின் கை படக்கென்று திருகி ரேடியோவை அணைத்தது.

"யாரு பேரோ சொன்னாங்களே, தெரிஞ்ச பேரா இருந்துச்சே" என்றாள் வடிவம்மாள் அடுப்படியிலிருந்து.

"யாரோ."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். எதிர் வரிசையில் பவளத்தின் கதவு திறந்திருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அவள் தெரிந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, வெளுத்த சேலை உடுத்தி, பெட்டிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எடுக்காது என்று அவர் சொன்ன பிறகும் உட்கார்ந்திருந்தாள். ஒரு வேளை எடுத்தாலும் எடுக்கும் என்று நினைத்திருப்பாள். அவள் பெட்டியில் கோலாலம்பூர் பந்து விளையாட்டு முடிவுகளை வாசித்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நடுவில் இருபது அடி தூரம். ஓடிப்போய், 'பவளம், உன் பேரைச் சொன்னாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஓடிப்போய் அவளை இழுத்துவந்து தன் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்திருந்தால் பாட்டில் பாதியாவது கேட்டிருப்பாள். பக்கிரிசாமி ஜன்னல் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டு முடிந்திருக்கும் என்று தோன்றும் வரைக்கும் நின்றார். பிறகு வந்து கிழங்கு தின்றார்.

ஏழு மாதம் கழித்து இராமையா செத்துப்போனான். ஏதோ காய்ச்சல் என்று எழுதியிருந்தார்கள். கடுதாசி வந்து சேரும்போது கருமாதியே முடிந்திருந்தது. லயன் பெண்கள் பவளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். பக்கிரிசாமி ஆண்களோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே பவளம் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தது கூரைக்கடியில் பதினாறு வீட்டுக்கும் கேட்டது.

"கடல் தாண்டி என் பேரச் சொல்லச் சொன்னியே, என் ராசா... கல்லு மலை மறிச்சிருச்சே, என் அண்ணா... இந்தப் பாவி மலை மறிச்சிருச்சே..."

மலையைத் திட்டினாள். சும்மா கிடந்த மலையை. பக்கிரிசாமிக்கு முதுகு கூசியது. எழுந்து போகவும் முடியவில்லை, போனால் என்ன நினைப்பார்கள். பக்கத்தில் இருந்த வீரப்பன் அவர் கண்ணில் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "கூட்டாளி இல்லையா, இருக்கத்தான் செய்யும்" என்று தோளைத் தட்டினான். அந்தத் தட்டு அவருக்குச் செருப்படியாக விழுந்தது.

அதற்குப் பிறகு ஆறேழு வருஷம் அவர் எப்படி இருந்தார் என்று கேட்டால், நன்றாகத்தான் இருந்தார் என்று மேல் டிவிஷன் சொல்லும். மில்லில் பெரிய மெக்கானிக் ஆனார். பவளத்துக்குக் கூரை ஒழுகினால் முதல் ஆளாகப் போய் ஏறினார். விறகு வெட்டிப் போட்டார். "கூடப்பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்" என்று மணியம்மா ஊரெல்லாம் சொன்னாள். அண்ணே, அண்ணே என்று பவளம் கூப்பிடும்போதெல்லாம் அவர் வேலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அவர் வீட்டில் இருப்பதில்லை. ஒட்டுக்கடைக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிஸ்கட் டின் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. கூட்டும்போது வடிவம்மாளின் விளக்குமாறு பட்டு அது கலகலவென்று சத்தம் போடும். "இத எதுக்குங்க வச்சிருக்கீங்க, வீசிடவா?" என்பாள். "இருக்கட்டும்" என்பார்.

எண்பத்து மூன்றில் லயனுக்கு மின்சாரம் நாள் முழுக்க வந்தது. கூட்டுறவுக் கடை இந்தத் தடவை டிவி கொண்டுவரப் போகிறது என்று பேச்சு. தங்கராஜு கிராணிக்கு அதற்குள் தலை முழுக்க நரைத்திருந்தது. ஆனால் மத்தியானத் தூக்கப் பழக்கம் போகவில்லை. பக்கிரிசாமியைக் கூப்பிட்டார்.

"டிவியில ரெண்டு ஸ்டேஷன் இருக்காம் பக்கிரி. அப்ப ரேடியோவுக்குச் செஞ்சியே, அதே மாதிரி ஒண்ண வச்சி அடைச்சிடு. சனங்க ஒன்ன எவ்ளோ வாழ்த்துச்சு, ஞாபகம் இருக்கா?"

"கேட்டுப் பாத்துட்டு வைக்கலாங்கய்யா."

"யாரக் கேக்கணும்?"

"பாக்கப்போறவங்களத்தான்."

கிராணி சிரித்தார். "கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவான்யா."

"சொல்லட்டுங்கய்யா. சத்தம் ஜாஸ்தின்னா நான் போயிச் சத்தத்தக் கொறைக்கச் சொல்றேன். திருகுல கை வைக்க மாட்டேன்."

கிராணியை எதிர்த்து அவர் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து டின்னை இழுத்தார். மூடி துருப்பிடித்துப் போயிருந்தது. இராமையாவின் திருப்புளியைக் கொடுத்துத்தான் நெம்ப வேண்டியிருந்தது.

மறுநாள் ஞாயிறு. முதல் வரிசையிலிருந்து தொடங்கினார். பெட்டிகளில் பாதி செத்துப்போயிருந்தன, அவற்றுக்கும் திருகை மாட்டினார். உயிரோடு இருந்தவற்றில் அரக்கைச் சுரண்டி, நூலைச் சரிபார்த்து, திருகை மாட்டி, எந்த எண்ணில் எந்த நிலையம் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் ஒட்டினார். நாலு வீடு முடித்த பிறகு ஒன்றைக் கவனித்தார். தாளில் எது முதலில் இருக்கிறதோ அதையே எல்லோரும் வைத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். அவர் கோலாலம்பூரை முதலில் எழுதியிருந்தார். பழக்கதோஷம். அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு வரிசையை மாற்றி எழுதினார், ஒரு வீட்டில் சிங்கப்பூர் முதலில், ஒரு வீட்டில் இலங்கை, ஒரு வீட்டில் மலாய் நிலையம்.

"எது நல்லதுன்னு நீங்களே வச்சிட்டுப் போங்கண்ணே" என்றாள் மணியம்மா.

"மாட்டேன். நீ திருகு."

"எனக்கென்ன தெரியும்?"

"திருகினாத் தெரியும். திருகாம எப்படித் தெரியும்?"

அவள் பயந்து பயந்து திருகினாள். இரைச்சல் வந்ததும் கையை எடுத்தாள். "இல்ல, இன்னும் கொஞ்சம்" என்றார். வீரப்பன் திருகே வேண்டாம் என்றுவிட்டான். "இதுவே நல்லாத்தான் இருக்கு, பழகிப்போச்சு." சரி, அதுவும் அவன் இஷ்டம். ஆனாலும் திருகை அவன் கையில் வைத்து மூடிவிட்டுத்தான் வந்தார். ஒவ்வொரு வாசலிலும், "அன்னிக்கு ஒங்களக் கேக்காம எடுத்தேன், தப்பு" என்று சொன்னார். அவர்களும் ஒவ்வொரு வாசலிலும், "நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றார்கள். ஏசினால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

டின்னில் கடைசியாக ஒரு திருகு மிஞ்சியபோது சாயங்காலம் ஐந்து ஆகியிருந்தது. வேண்டுமென்றே அந்த வீட்டைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தவர் அவர்தான்.

பவளத்தின் பெட்டி அரிசி டிரம்மின் மேல் இருந்தது. மேலே ஒரு துணி போட்டு மூடியிருந்தாள். அண்ணன் போன பிறகு அதை அவள் தொடவில்லை. பக்கிரிசாமி கையோடு புதுப் பேட்டரி கொண்டுவந்திருந்தார். அரக்கைச் சுரண்டினார். திருகை மாட்டினார். சிற்றலைப் பொத்தானை விடுவித்தார். திருகியதும் பெட்டியிலிருந்து, தண்ணீர் ஓடுவதுபோல் ஒரு சத்தத்துக்குப் பிறகு, அக்கரைத் தமிழ் தெளிவாக விழுந்தது.

தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்த பவளத்தின் கை நின்றது.

"எடுக்குதே" என்றாள்.

"எடுக்கும், பவளம். அப்பவும் எடுத்துச்சு. நான் பொய் சொன்னேன்."

அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கிராணி சொன்னது, தன் சோம்பல், முப்பத்தேழு கைக்குப் பயந்தது, இரண்டாவது கடுதாசிக்குச் சொன்ன கடல் கதை, எதையும் விடவில்லை. பிறகு அந்த ஞாயிறு. "ஒம் பேரச் சொன்னாங்க. மேல் டிவிஷன், மூணாம் லயன், அன்புத் தங்கை பவளம்னு சொன்னாங்க. அண்ணன் இராமையான்னு சொன்னாங்க. எங்காதால கேட்டேன். நீ இங்க ஒக்காந்திருந்த. நான் ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

பவளம் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டுவாள், கையில் இருக்கிற கோப்பையைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தார். எறிந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தார்.

"அன்புத் தங்கைன்னா சொன்னாங்க?" என்றாள்.

"ஆமா."

"எங்கண்ணன் எழுதிக் குடுத்ததத்தானே படிப்பாங்க?"

"ஆமா."

பிறகு அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன பாட்டுப் போட்டாங்க?"

எல்லாக் கேள்விக்கும் தயாராக வந்த பக்கிரிசாமி இந்த ஒன்றை யோசித்துப் பார்க்கவே இல்லை. இத்தனை வருஷமும் அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது தன் பொய், தன் பயம், தன் பாவம். அந்தப் பாட்டு என்னவாக இருந்திருக்கும் என்று ஒருநாள்கூட அவர் நினைத்ததில்லை.

"தெரியல பவளம். ஒம் பேரு வந்ததும் அணைச்சுட்டேன்."

அவள் தலையாட்டினாள். கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். டிரம் பக்கமாக நகர்ந்து, முதல் தடவையாகத் தன் பெட்டியின் திருகில் கை வைத்தாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன விரல், அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பியது. ஒரு இடத்தில் பாட்டு வந்தது. பெண் குரல், தாலாட்டு மாதிரி. நிறுத்திவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இது மாதிரியா இருந்திருக்கும்ணே?"

"தெரியலம்மா."

இன்னும் கொஞ்சம் திருப்பினாள். ஆண் குரல், வேகமான பாட்டு. மறுபடியும் நிறுத்தினாள்.

"இது மாதிரி?"

வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. தேத்தண்ணி ஆறிப்போயிற்று. முள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும் வரைக்கும், ஒவ்வொரு பாட்டுக்கும் அவள் நிறுத்திக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் பக்கிரிசாமி தெரியவில்லை என்றே சொன்னார்.